பதினாலணாப் போர்

மேலப்பாளையத்தில் ஹமீது பீவியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு சபராளி இருந்தால் தெரியாமல் இருக்க முடியாது. சபராளி என்றால் வளைகுடா நாட்டுக்குப் பிழைக்கப் போன ஆண்பிள்ளை. அந்தத் தெருக்களில் வீட்டுக்கு ஒருவராவது அப்படி இருப்பார். அவருடைய பெண்டாட்டி காலையில் பல் தேய்க்கிறாளோ இல்லையோ, செல்போனை எடுத்து ஹமீது பீவியின் குரல் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அன்றைக்கு எத்தனை அணா என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு இட்லி இறங்கும்.

அணா என்பது பயத்தின் அளவு. அடுத்தடுத்த நாடுகள் இரண்டு முறைத்துக்கொண்டு நிற்கும்போது, ஒன்று மற்றொன்றுக்குள் படையோடு நுழைந்துவிடுமா என்பதைப் பதினாறு அணாவுக்கு இத்தனை என்று ஹமீது பீவி சொல்வாள். ஒரணா என்றால் வெறும் சத்தம், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நாலணா என்றால் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள். எட்டணாவைத் தாண்டினால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடு. பதினாறணா என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அது அல்லாவுக்கு மட்டும் தெரிந்த கணக்கு என்பாள். "நூத்துக்கு இத்தனைன்னு சொல்லுங்களேன் மாமி" என்று படித்த பெண்கள் கேட்டால், "நூறு எனக்கு எதுக்குளா? அவ்வளவு நுணுக்கமா பயப்பட எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவாள். இத்தனைக்கும் அணாவை அவள் கண்ணால் கண்டதில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே அது செல்லாமல் போய்விட்டது. அவளைப் பெற்ற வாப்பா மழை வருமா என்று கேட்டால்கூட "எட்டணா வரும்" என்று சொல்கிற மனிதர். அந்தப் பழக்கம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

நாடுகளின் பெயரை அவள் வாயால் சொல்வதே இல்லை. போர் வருகிறது என்று வாட்ஸப்பில் பரப்பினால் அங்கே பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள், அப்புறம் யார் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? அதனால் அவளுக்கு எந்த இரண்டு நாடானாலும் மேலவீட்டுக்காரன், கீழவீட்டுக்காரன்தான். "மேலவீட்டுக்காரன் வேலிக்கிட்ட வந்து நிக்கான். சத்தம் போடுதான். ஆனா கையில கம்பு இல்ல. ரெண்டணா." கேட்கிற பெண்களுக்கு விஷயம் புரிந்துவிடும். கேட்கிற போலீஸ்காரனுக்கு ஏதோ வாய்க்கால் தகராறு என்று தோன்றும்.

இந்த வேலைக்கு அவளை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. கல்யாணமான மறு வருஷம், 1990இல், அவளைக் கட்டிய மாப்பிள்ளை ஹபீப் முகம்மது குவைத்தில் இருந்தார். பக்கத்து நாட்டுப் படை எல்லையில் வந்து நின்றபோது, ஒன்றும் நடக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு விடியற்காலையில் படை உள்ளே வந்துவிட்டது. அப்புறம் கடிதம் இல்லை, போன் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் ரேடியோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே கிடந்தாள். கடைசியில் அவர் பாலைவனம் வழியாக ஜோர்டான் போய், விமானம் பிடித்து, தாடியும் அழுக்குமாக வந்து சேர்ந்தார். இனிமேல் எவன் சொன்னாலும் நம்புவதில்லை, நாமே பார்த்துக்கொள்வோம் என்று அன்றைக்கு அவள் முடிவு செய்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் ஒரு படையெடுப்பை நேரில் கண்ட ஒரே ஆள் ஹபீப் முகம்மதுதான்; அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. படை வந்த ராத்திரி அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். யார் எப்போது கேட்டாலும், "விடிஞ்சு பாத்தா டேங்கி நிக்கி" என்பதோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகும் வேறு நாட்டுக்குப் போய் இருபது வருஷம் உழைத்துவிட்டு வந்தவர். இப்போது மத்தியானச் சோறு தின்றால் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார்.

ஹமீது பீவியின் கணிப்பில் தலைவர்களின் பேச்சுக்கு ஒரு பைசா மதிப்புக் கிடையாது. டிவியில் கத்தினால் அரையணா குறைத்துக்கொள்வாள். கத்துகிறவன் அடிக்க மாட்டான் என்பது அவளுடைய கட்சி. அவள் பார்ப்பது வேறு. எதிர்வீட்டு ஷஃபீகாவின் மாப்பிள்ளை ரசீத், அங்கே ஓர் அரபி முதலாளி வீட்டில் டிரைவர். முதலாளி பெண்டாட்டி பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டாரா என்று அவனிடம் கேட்பாள். அனுப்பியிருந்தால் மூன்றணா. ஆனால் ஜூலை மாதமென்றால் அதில் இரண்டைக் கழித்துவிடுவாள், ஏனென்றால் அது போருக்கு ஓடுவது இல்லை, புழுக்கத்துக்கு ஓடுவது. பட்டாளத்துக்கு ரொட்டி போடுகிற பேக்கரியில் ஒருவன் இருக்கிறான். ரொட்டி கூடுதலாகப் போகிறதா என்று அவனிடம் கேட்பாள். தொழிலாளர் கேம்ப் வாசலில் இருக்கும் மளிகைக் கடையில் யஹ்யா என்ற பையன் வேலை பார்க்கிறான். அரிசியும் தண்ணீரும் எப்படி விற்கிறது என்று வாரா வாரம் அவன் சொல்ல வேண்டும். இப்படி ஊர்ப்பட்ட ஆட்களிடம் ஊர்ப்பட்ட கேள்வி கேட்டுவிட்டு, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கூட்டிக் கழித்து ஓர் அணாவுக்கு வந்து சேருவாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு தடவை அடித்தாளே ஓர் அடி. சில வருஷங்களுக்கு முன்னால் பனி கொட்டுகிற ஒரு தேசத்தில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள் கலையரசி என்ற பெண். டவுணில் துணிக்கடை வைத்திருக்கும் மகாராஜன் அண்ணாச்சியின் மகள். பக்கத்து நாட்டுக்காரன் படையைக் கொண்டுவந்து குவித்திருந்தான். சும்மா பயமுறுத்துகிறான் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி யார் சொல்லியோ ஹமீது பீவியிடம் வந்து நின்றார். எல்லைக்கு ரத்தப் பாட்டில் போகிறது என்று செய்தியில் ஒரு வரி வந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். "பயமுறுத்த வாரவன் எதுக்கு அண்ணாச்சி ரத்தம் கொண்டாரான்? பதினாலணா. பிள்ளையக் கூப்பிட்டுருங்க" என்றாள். பெண் வந்து இறங்கிய மறுவாரமே அங்கே குண்டு விழுந்தது. அண்ணாச்சி அல்வாவும் பட்டுச்சேலையுமாக வந்து அவள் முன்னால் நின்று அழுதுவிட்டார். அன்றிலிருந்து ஹமீது பீவியின் வாக்குக்கு மேலப்பாளையத்தில் மறுவாக்குக் கிடையாது.

அந்தச் சமயத்தில் அவளுடைய ஒரே மகன் அலி அஸ்கர் சபரில் இருந்தான். அண்ணாச்சி மகளை எதற்கு வரச் சொன்னீர்கள் என்று அவன் கேட்டதற்கு, "மேலவீட்டுக்காரன் சும்மா வரல. பதினாலணாலே, உள்ள ஏறப் போறான்" என்று பேசி அனுப்பியிருந்தாள். அனுப்பியதை அவள் மறந்தும்போனாள்.

இப்போது அந்த அலி அஸ்கர் ஊருக்கு விடுமுறையில் வந்திருந்தான். ஒன்பது வருஷமாகச் சரக்குக் கிட்டங்கியில் வேலை. வந்து இறங்கி ஆட்டோவை விட்டுக் கால் வைக்கும்போதே, "எப்பப் பயணம்?" என்று தெருவில் கேட்டார்கள். மேலப்பாளையத்தில் சபராளியை வரவேற்கிற முறை அதுதான். எப்போது வந்தாய் என்று எவரும் கேட்க மாட்டார்கள், எப்போது போவாய் என்றுதான் கேட்பார்கள். திரும்பிப் போகாதவனுக்கு என்னவோ கோளாறு என்று அர்த்தம். ஒன்று அங்கே திருடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சீக்கு இருக்க வேண்டும்.

அவனுக்கு நாலு வயதில் ஒரு மகள். வாப்பாவைப் போனில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை. வந்த புதிதில் அவன் ஏதோ கண்டித்தான் என்று, "உம்மா, வாப்பாவைக் கட் பண்ணு" என்று சொல்லிவிட்டது. அவன் பெண்டாட்டி தஸ்லிமா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து நின்றாள். அலி அஸ்கர் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தான்.

பயண நாள் நெருங்கியது. சபராளி கிளம்புகிறான் என்றால் அவன் பெட்டி அவனுக்குச் சொந்தமில்லை. அங்கே இருக்கும் மாப்பிள்ளைமார்களுக்குப் போகிற பொட்டலமெல்லாம் அதில்தான் ஏறும். மாசித்தூள், எலுமிச்சை ஊறுகாய், அல்வா என்று ஒவ்வொன்றாக வந்து கூடத்தில் குவிந்தது. ஷஃபீகா நெத்திலிக் கருவாட்டை ஏழு பிளாஸ்டிக் பை போட்டுச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படியும் மணந்தது.

அந்த நேரம் பார்த்து அங்கே அடுத்தடுத்த இரண்டு நாடுகள் எல்லையில் முறைத்துக்கொண்டன. டிவிக்காரர்கள் வரைபடத்தில் சிவப்பு அம்பு விட்டார்கள். ஹமீது பீவி எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டு ரெண்டணா என்றாள். மேலப்பாளையம் நிம்மதியாகச் சோறு தின்றது.

அலி அஸ்கர் மட்டும் தின்னவில்லை. "உம்மா, ரெண்டணா கம்மியா தெரியுது. நல்லா விசாரிச்சியளா?" என்று அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஒரு எட்டணா போட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டே விட்டான்.

"இது என்னலே, கறிக்கடையா? கூடப் போடு கொறையப் போடுன்னு கேக்க" என்று அவள் கரண்டியை ஓங்கினாள்.

அன்று மாலை அவன் ஒரு காரியம் செய்தான். பழைய போனில் கிடந்த உம்மாவின் பதினாலணாக் குரலைத் தேடி எடுத்து, "உம்மா சொல்லுதா" என்று போட்டு யஹ்யாவுக்கு அனுப்பினான். அதில் நாட்டின் பெயர் இல்லை, தேதி இல்லை. மேலவீடும் கீழவீடும் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். யஹ்யா பயந்துபோய்த் தன்னைக் கூப்பிட்டு "வராதேலே" என்று சொல்வான், அதை உம்மாவின் காதில் போடலாம், அவ்வளவுதான் அவன் போட்ட திட்டம். ஆனால் யஹ்யா அவனைக் கூப்பிடவில்லை. கேம்பில் இருக்கும் நம் ஊர் ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டான்.

அந்த ஆட்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா? மூச்சு விடவில்லை. சபராளி வீட்டு வழக்கம் அது. இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அங்கே சொல்வதில்லை. அங்கே காலில் பெட்டி விழுந்து நகம் போனால் இங்கே சொல்வதில்லை. இரண்டு பக்கமும் "நல்லா இருக்கோம்" என்றே பேசிப் பேசி ஆயுசு கழிந்துவிடும். பெண்களுக்கு ரெண்டணா, ஆண்களுக்குப் பதினாலணா, மாமி பெண்பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் நமக்கு மட்டும் பைய விஷயத்தைச் சொல்கிறாள் என்று அவர்களாக முடிவு கட்டிக்கொண்டார்கள். பிறகு யஹ்யாவின் கடைக்குள் புகுந்து, அகப்பட்டதையெல்லாம் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார்கள்.

அந்த வாரம் வழக்கம்போல ஹமீது பீவி யஹ்யாவைக் கேட்டாள். "அரிசி எப்படிப் போவுது?"

"அரிசி காலி மாமி. நேத்தே தீந்துட்டு. தண்ணியும் கொஞ்சந்தான் கெடக்கு."

அரிசிக்கு எப்போதும் நாலணா உண்டு. கூட்டிப் பார்த்தால் ஆறணா வந்தது. ஆறணா என்று சொன்னாள். அதைக் கேட்டு மேலப்பாளையத்துப் பெண்கள் மாப்பிள்ளைமார்களிடம், "எதுக்கும் கொஞ்சம் சாமான் வாங்கி வச்சுக்கங்க" என்று சொன்னார்கள். அவர்கள் மறுபடியும் யஹ்யாவின் கடைக்குப் போனார்கள். அடுத்த வாரம் யஹ்யா, "அலமாரி துடைச்ச மாதிரி இருக்கு மாமி. தீப்பெட்டிகூட இல்ல" என்றான்.

ஹமீது பீவி பத்தணா போட்டாள்.

வளைகுடாவுக்கு அவள் பத்தணா போட்டது அதுதான் முதல் தடவை. ஊரே ஆடிப்போனது. விடுமுறையில் வந்திருந்த நாலைந்து பேர் பயணத்தைத் தள்ளிப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் இதற்கென்று தனியாகத் துஆ கேட்டார்கள். கொடுத்த பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆனால் எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தது யாரென்றால், அலி அஸ்கர். தான் விட்டது பழைய சரக்கு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் உம்மா ஒருநாளும் பொய்யாக அணா போட மாட்டாள் என்பதும் தெரியும். இரண்டணாவில் நின்றவள் பத்துக்கு ஏறினால் நிஜமாகவே போர் வருகிறது என்றுதானே அர்த்தம்? தன் நாக்கில்தான் கரி இருக்கிறதோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போர் வருமா என்று தஸ்லிமாவிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டான்.

ஹமீது பீவிக்கும் சோறு இறங்கவில்லை. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கிடந்த காலமெல்லாம் நெஞ்சுக்குள் எழுந்து வந்தது. ஆனால் அதோடு கூடவே இன்னொன்றும் இருந்தது. மகன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது, பத்தணா என்றால் இவன் போக வேண்டியதில்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. இனித்ததும் அவளுக்குத் திக்கென்றது. இத்தனை வருஷத்தில் எந்த அணாவும் அவளுக்கு இனித்ததில்லை. தனக்குப் பிடித்த மாதிரி ஒரு கணக்கு வந்தால் அதை இன்னொரு தடவை கூட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். உடனே யஹ்யாவைக் கூப்பிட்டாள்.

"ஏலே, எந்த அரிசி தீந்துது?"

"நம்ம புழுங்கலரிசிதான் மாமி."

"பாஸ்மதி?"

"அது அப்படியே கெடக்கு."

"அலமாரி துடைச்சுக் கெடக்குன்னியே?"

"நம்ம ஊர்ச் சாமான் அலமாரி மாமி. வேற என்ன தீந்துதுன்னா, சாம்பார் பொடி, கருப்பட்டி. அப்பளம் ஒரு கட்டுகூட இல்ல."

"என்ன அப்பளம்?"

"கல்லிடைக்குறிச்சி அப்பளம்."

ஹமீது பீவி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அட கூறுகெட்டவனே. எந்த நாட்டுப் பட்டாளம் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பொரிச்சுத் தின்னுட்டுப் படையெடுக்கப் போவுது? யாருலே இதெல்லாம் வாங்குனது?"

"நம்ம ஆளுவதான். நீங்கதான மாமி பதினாலணான்னு சொன்னிய."

"நானா?"

யஹ்யா அந்தக் குரலை அனுப்பினான். ஹமீது பீவி தன் குரலைத் தானே கேட்டாள். கேட்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள் குரலுக்குப் பயந்து அவர்கள் அரிசி வாங்க, அரிசி தீர்ந்ததைப் பார்த்து இவள் பயப்பட, இவள் பயந்ததைக் கேட்டு அவர்கள் இன்னும் வாங்க, எல்லையில் ஒரு பட்டாளத்துக்காரன்கூட நகராமல் மேலப்பாளையம் தனக்குத்தானே ஒரு போரைச் சமைத்திருக்கிறது. அந்தக் குரலை அவள் அனுப்பியது ஒரே ஓர் ஆளுக்குத்தான்.

கூடத்தில் அலி அஸ்கர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஹபீப் முகம்மது பக்கத்தில் பாயில் படுத்திருந்தார். ஹமீது பீவி நேராக வந்தாள். போனை அவன் முன்னால் வைத்து அமுக்கினாள். "பதினாலணாலே, உள்ள ஏறப் போறான்" என்று அது பேசியது. அலி அஸ்கர் திருதிருவென்று விழித்தான். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு தஸ்லிமா நின்றாள்.

"ஏம்ல இப்படிச் செஞ்ச?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குப் போவப் பிடிக்கல உம்மா" என்றான். "எப்பவுமே பிடிக்கல. இங்க பக்கத்துல கங்கைகொண்டான்ல ஒரு கம்பெனியில ஸ்டோர் வேலை இருக்குன்னு சொன்னாவ. கேட்டுட்டுத்தான் வந்தேன். பிடிக்கலன்னு எப்படிச் சொல்லுவேன்? ஊர்ல என்ன சொல்லுவாவ? போர் வந்துட்டுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவல்லா."

ஹமீது பீவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கோபம் இரண்டுக்கும் முன்னால் வந்தது. "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானலே. அதுக்கு எதுக்கு ரெண்டு நாட்டை மோத விடுத?"

"நான் போயிருதேன் உம்மா. ஞாயித்துக்கிழமையே போயிருதேன்."

அதுதான் சுலபமான வழி என்பது அவளுக்கும் தெரிந்தது. இப்போது அவள் ரெண்டணா என்று திருத்திச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மகனை வீட்டில் வைத்துக்கொண்டால் எவள் நம்புவாள்? நமக்கெல்லாம் ரெண்டணா, அவள் மகனுக்கு மட்டும் பதினாலணாவா என்று தெருவே பேசும். அதற்குப் பிறகு அவள் எத்தனை அணா சொன்னாலும் செல்லாது. பயணத்தைத் தள்ளிப் போட்டவர்கள் வேலையை இழந்து வந்து நிற்பார்கள். மகன் விமானம் ஏறினால் அந்தக் காட்சியே போதும். அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவள் மகனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். எந்தப் பக்கம் கூட்டினாலும் கணக்கு நேராகவில்லை.

தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று எல்லாரும் நினைத்த ஹபீப் முகம்மது, கண்ணைத் திறக்காமலே பேசினார். "அன்னைக்கு டேங்கி நின்னுச்சுல்லா."

"இப்ப அதை எதுக்குச் சொல்லுதிய?" என்றாள் ஹமீது பீவி.

"அதைப் பாத்து எல்லாரும் அழுதானுவ. எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு. இனி ஊருக்கு அனுப்பிருவாவல்லான்னு."

முப்பத்தைந்து வருஷமாக அவர் சொல்லி வந்த கதையில் இந்த வரி வந்ததே இல்லை. அவள் அழுத அழுகைக்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் இந்த மனுஷன் டேங்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் வாயைத் திறக்காமல் இருபது வருஷம் போய் உழைத்திருக்கிறார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஏலே, எந்திரி" என்றாள் மகனிடம். "போவ வேண்டாம். ஆனா அதை நீயே சொல்லணும். உன் வாயால, எல்லாருக்கும்."

போனை எடுத்து முதலில் அவள் பேசினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. நான் பத்தணான்னு சொன்னது தப்பு. அங்கன அரிசி வாங்குனது நம்ம ஆளுவதான். அதைப் பாத்து நானும் ஏமாந்துட்டேன். மேலவீட்டுக்காரன் இன்னும் வேலிக்கிட்டதான் நிக்கான். ரெண்டணா. பயணம் போறவுக போங்க. என் மகன் போவல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அதை அவனே சொல்லுவான்."

போனை மகன் கையில் கொடுத்தாள். அவன் மூன்று தடவை தொண்டையைச் செருமினான். "அலி அஸ்கர் பேசுதேன். பழைய ஆடியோவை அனுப்புனது நான்தான். மன்னிச்சுக்கங்க. நான் போவாததுக்குப் போர் காரணம் இல்ல. எனக்குப் பிடிக்கல. அங்கன இருக்கப் பிடிக்கல. அவ்வளவுதான்." பெண்களுக்கும் அனுப்பினான், கேம்புக்கும் அனுப்பினான். அனுப்பிவிட்டு, அடி விழப்போகிறது என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். பேத்தி ஓடிவந்து அவன் முதுகில் ஏறியது.

ஒரு பதிலும் வரவில்லை. பெண்கள் பக்கமும் கப்சிப், கேம்ப் பக்கமும் கப்சிப்.

முதலில் வந்தது ஷஃபீகா. குரலாக வரவில்லை, ஆளாகவே வந்தாள். அவளுக்குச் சரியான கோபம். "போவலன்னா முதல்லயே சொல்லக் கூடாதா மாமி? எங்க வீட்டுல அவுக கருவாட்டைக் கேட்டு உசிரை எடுக்காவ. இனிமே யாரு கொண்டு போவா? பிடிக்கலையாம். பிடிச்சுத்தான் எல்லாரும் போறாவளாக்கும்? அவுக ஒருநாளாவது பிடிக்கலன்னு சொல்லியிருப்பாவளா?" என்று பொரிந்து தள்ளினாள். தஸ்லிமா பெட்டியைத் திறந்து கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

அப்போது ஹமீது பீவியின் போன் ஒலித்தது. குரல் ஒன்று வந்திருந்தது. போனைக் காதில் வைத்துக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எதுவானாலும் சத்தமாக வைத்துத்தான் கேட்பாள். அமுக்கினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. ரசீத் பேசுதேன். அலி அஸ்கர் சொன்னதை ரூம்ல எல்லாரும் கேட்டோம். அவனவன் சுவரைப் பாத்துப் படுத்துட்டான்." பின்னால் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. "மாமி, எனக்கும் பிடிக்கலதான். பதினோரு வருசமாச்சு. அதுக்கு எத்தனை அணா போடுவிய? சும்மாதான் கேட்டேன். ஷஃபீகாட்ட சொல்லிராதிய, வருத்தப்படுவா."

எதற்கும் ஓர் அணா வைத்திருந்த ஹமீது பீவி போனை மூடக்கூடத் தோன்றாமல் ஷஃபீகாவைப் பார்த்தாள். ஷஃபீகா கருவாட்டுப் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமி" என்றாள். "அதை இன்னொரு தடவை போடுங்க."

ஹமீது பீவி மறுபடியும் அமுக்கினாள்.